ஒழுங்கையும் ஒழுங்கும்

அளவெட்டிக்கு முதன்முறை வருபவர் வழி தவறாமல் உரிய வீட்டைச் சென்றடைவது அரிது. மல்லாகத்திலிருந்தோ தெல்லிப்பழையிலிருந்தோ பெருந்தெருவைப் பிரிந்து உள்ளே திரும்பியதும் ஒழுங்கைகள் தொடங்கிவிடுகின்றன. சிறிது தூரம் நேராகச் செல்லும் ஓர் ஒழுங்கை, யாரோ நட்ட பூவரசங் கதியாலின் முன் தயங்கினாற்போல் வளைந்து, ஒரு தோட்டத்தின் மூலையைச் சுற்றிக்கொண்டு, முடிவில் ஒரு கோயில் வீதியிலோ கிணற்றடியிலோ போய் முட்டுகிறது. நகரமைப்பு அதிகாரி ஒருவர் இவ்வூரின் படத்தைக் கண்டால், அளவுகோலும் கவராயமும் அறியாத குழந்தையொன்று கிறுக்கிய சித்திரம் என்றே எண்ணுவார். ஆயினும் இங்கு பிறந்து வளர்ந்த சிறுவன் இருட்டிலும் தன் வீட்டுப் படலையைத் தடவிக் கண்டுகொள்கிறான். தோட்டத்துக்குச் செல்லும் வண்டிக்கு வழி உண்டு. கோயிலுக்குச் செல்லும் கூட்டத்துக்கும் வழி உண்டு. இறைத்த நீர் ஓடும் வாய்க்காலுக்கும் வழி உண்டு.

இந்த ஊரை வரைந்தவர் யார்? ஒருவருமில்லை என்பதே விடை. தந்தையின் காணி பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது ஒவ்வொரு துண்டுக்கும் வழி விடவேண்டியிருந்தது. சீதனமாகக் கொடுத்த நிலத்துக்கும் வழி விடவேண்டியிருந்தது. வேலிக்கு வேலி இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியிலே நடந்தவர்களின் கால்கள் தடம் பதித்தன. அதிகம் நடந்த தடம் அகன்றது. நடப்பாரற்ற தடத்தைப் புல் மூடியது. தலைமுறை தலைமுறையாக இவ்வாறு எழுதியும் அழித்தும் எழுதப்பட்ட ஏடுதான் இவ்வூரின் ஒழுங்கை வலை. நம் யாழ்ப்பாணத்தார் இத்தகைய ஒடுங்கிய பாதைக்கு வழங்கும் ‘ஒழுங்கை’ என்ற சொல்லைச் செவிமடுத்துப் பாருங்கள். அதனுள்ளே ‘ஒழுங்கு’ என்னும் சொல் ஒலிக்கிறது. கட்டளையிடுவார் எவருமின்றி, வரைபடம் எதுவுமின்றி ஒழுங்கு பிறக்குமா என்ற வினாவை இக்காலத்து விஞ்ஞானிகள் பெரிதாக எழுப்பியிருக்கிறார்கள். எறும்பையும் கறையானையும், கணினிக்குள் இயங்கும் செயற்கை உயிர்களையும், பெருநகரங்களையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறார்கள். அந்த ஆராய்ச்சியை நமது தோட்டக் கிணற்றடியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆமைப்பொறியும் கறையானும்

1948, 1949ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்னும் மூளையாராய்ச்சியாளர் இரண்டு சிறு பொறிகளைச் செய்தார். ஆமையோடு போன்ற மூடியின் கீழ் சக்கரங்களில் நகர்ந்த அவற்றுக்கு எல்மர், எல்சி என்று செல்லப் பெயரிட்டார். ஒவ்வொன்றினுள்ளும் இருந்தவை இரண்டே வால்வுகள். ஒளியை உணர ஒரு கண். தொடுகையை உணர ஓர் உறுப்பு. இவ்வளவு வறிய கருவிகளைக் கொண்ட ஆமை என்ன செய்தது? விளக்கை நாடியது, தடை வந்தால் விலகிச் சுற்றியது, மின்கலம் தளர்ந்ததும் தன் கூட்டுக்குத் திரும்பி வலுவேற்றிக்கொண்டது. பார்த்தவர்கள் அதற்கு மனம் இருப்பதாகவே மயங்கினர். ‘அங்கே போ, இங்கே திரும்பு’ என்ற வழிநூல் எதுவும் அதனுள் எழுதப்படவில்லை. எளிய விதிகள் சில சூழலோடு உரசியபோது, எளிதில் முன்கூட்டிச் சொல்ல முடியாத நடத்தை தோன்றியது. சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இப்பண்பை நம் உயிரியற் பாடநூல்கள் இசைவாக்கம் என்கின்றன.

தனி ஒன்று இசைவது ஒரு விந்தை. பல ஒன்றுசேர்ந்து ஒழுங்காவது அதனினும் பெரிய விந்தை. கறையான் புற்றை எண்ணிப் பாருங்கள். காற்றோட்டமும் அறைகளும் கொண்ட அந்த மாளிகைக்குச் சிற்பி யார்? 1959ஆம் ஆண்டில் பிரான்சிய விலங்கியலாளர் கிராசே இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு கறையான் மண்ணுருண்டையை ஓரிடத்தில் வைக்கிறது. அந்த உருண்டையே அடுத்த கறையானை அங்கு இன்னொன்றை வைக்கத் தூண்டுகிறது. செய்து விட்ட வேலையே செய்யவேண்டிய வேலையைச் சொல்லுகிறது. கறையான்கள் ஒன்றோடொன்று கூடிப் பேசித் திட்டமிட வேண்டுவதில்லை. மண்ணின் மூலமாகவே பேசிக்கொள்கின்றன. நம் ஒழுங்கையிலே முன்னே நடந்தவனின் கால்தடம் பின்னே வருபவனுக்கு வழி காட்டியதும் இதே தத்துவந்தான்.

பின்னர் கணினி வந்தது. 1986இல் கிரேக் ரெனால்ட்ஸ் என்பவர் கணினித் திரையிலே செயற்கைப் பறவைகளைப் பறக்கவிட்டார். ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள்: அயலவரோடு மோதாதே, அயலவர் செல்லும் திசையிற் செல், அயலவரை விட்டு வெகுதூரம் விலகாதே. தலைமைப் பறவை என்று ஒன்று இல்லை. ஆயினும் அவை மாலை வானத்தில் நாம் காணும் பறவைக்கூட்டம் போலவே திரும்பின. தூணொன்று குறுக்கிட்டபோது இரண்டாகப் பிரிந்து அப்பால் மீண்டும் ஒன்றாயின. இவ்வாறு தனக்கென விதியும் அயலை உணரும் ஆற்றலும் கொண்டு இயங்குவனவற்றைச் செயற்கை முகவர்கள் என்று இன்று அழைக்கிறார்கள். 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், இந்தியாவில் வளர்ந்தவரான ராதிகா நாக்பாலும் அவருடைய குழுவினரும் 1024 சிறு இயந்திரங்களை ஒரு மேசைமேற் பரப்பினர். எவ்வடிவம் வேண்டும் என்பது மட்டுமே அவற்றுக்கு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தன்னருகில் உள்ளவற்றுடன் மட்டும் செய்தி பரிமாறிக்கொண்டு, ஏறக்குறைய 12 மணிநேரத்தில் நட்சத்திரமாய் ஒருங்குகூடின.

உயிருள்ள பொருளிலும் இதற்குச் சான்று உண்டு. மூளையோ நரம்போ இல்லாத ஒருவகைச் சளிப்பூஞ்சணத்தை யப்பானிய ஆராய்ச்சியாளர் வளர்த்தனர். டோக்கியோவைச் சூழ்ந்த நகரங்கள் உள்ள இடங்களில் எல்லாம் ஓட்ஸ் தானியத்தை வைத்தனர். ஒரு நாளளவில் அப்பூஞ்சணம் தானியங்களை இணைத்துப் பின்னிய வலை, பொறியியலாளர் பல்லாண்டு உழைத்து அமைத்த புகையிரதப் பாதை வலையோடு ஒப்பிடத்தக்கதாய் இருந்தது. 2010இல் வெளியான இவ்வாய்வு நகரங்களைப் பற்றிச் சிந்திப்போரை மிகவும் கவர்ந்தது. நகரமும் அளவற்ற மனிதர்களின் சிறு முடிவுகள் சேர்ந்து வளர்வதுதானே! அமெரிக்க எழுத்தாளரான ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961இலேயே, நகரத்தின் உயிர் திட்ட வரைபடத்தில் இல்லை. தெருவோரத்துக் கடைக்காரரும் வீட்டுப்படியில் இருப்பவரும் தம்மையறியாமலே காத்துவரும் ஒழுங்கில் இருக்கிறது என்று வாதிட்டார்.

இசையறிந்த ஊர் ஆதலால் அளவெட்டியார்க்கு இதனை வேறுவிதமாகவும் சொல்லலாம். என். கே. பத்மநாதன் போன்ற நாதஸ்வர வித்துவான்களால் பெயர்பெற்ற மண் இது. மேளக்கச்சேரியின் முன்னே கோல் அசைத்து நிற்கும் நடத்துநர் ஒருவர் உண்டா? இல்லை. தாளமும் சுருதியும் எல்லோர்க்கும் பொது. அந்தப் பொதுவின் மீது நின்றுகொண்டு ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு, கேட்டதற்கேற்பத் தம் கையை மாற்றுகிறார். செவி அடைபட்டால் கச்சேரி அக்கணமே குலைந்துபோகும்.

கிணற்று முறை

இனித் தோட்டத்துக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையே நம் முதல். அது செம்மண்ணினூடே இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. கீழே கடலின் உவர்நீர். அதன்மேல், பாலில் ஆடை படிந்தாற்போல, நன்னீர். கனம் குறைந்த நன்னீர் கனம் கூடிய உவர்நீரின்மேல் மிதக்கிறது. இதன் கணக்கைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பியப் பொறியியலாளர் கண்டறிந்தனர்: கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி குறையும். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் அறிவோம். ஆகவே நம் கிணறு ஒவ்வொன்றும் தனிக் கிணறு அன்று. பலர் உறிஞ்சும் ஒரே குவளையின் பல வாய்கள் என்றே அவற்றைச் சொல்லவேண்டும்.

இக்குவளையிலிருந்து நம் முன்னோர் எவ்வாறு பருகினர்? பெரிய தோட்டக் கிணறுகள் பெரும்பாலும் பங்குக் கிணறுகளாய் இருந்தன. நிலம் பிள்ளைகளுக்குப் பிரிந்தாலும் கிணற்றைப் பிரிக்க முடியாது. எனவே உறுதி எழுதும்போது காணித்துண்டோடு கிணற்றிற் பங்கையும், வழி வாய்க்கால் உரிமையையும் சேர்த்து எழுதுவது வழக்கமாயிற்று. பங்காளர் முறை வைத்து இறைத்தனர். இன்று ஒருவர், நாளை மற்றொருவர் என்று அவரவர் பங்கின் அளவுக்கேற்ப நாளும் நேரமும் வகுக்கப்பட்டன. இம்முறை நடைபெற அரசாங்க உத்தியோகத்தர் எவரும் மேற்பார்வை செய்ததில்லை. ஒருவர் வீட்டில் மரணம் நேர்ந்தால் முறையை மாற்றிக்கொண்டனர். ஒருவரின் வெங்காயம் வாடினால் மற்றவர் தம் முறையை விட்டுக்கொடுத்து, பிறிதொரு நாள் ஈடு பெற்றனர். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமை பங்காளருக்கும் அயலவருக்கும் நிலத்தை முதலில் வாங்கும் உரிமையை அளித்தது. அவ்வுரிமை பின்னர் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. முன்பின் அறியாத ஒருவர் கிணற்றுப் பங்குக்குள் திடீரெனப் புகாதிருக்க இவ்வழமை துணைநின்றது எனலாம்.

துலாவின் தொழிலையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். ஒருவர் அல்லது இருவர் துலாவின்மீது ஏறி முன்னும் பின்னும் நடப்பர். கிணற்று வாயில் நிற்பவர் பட்டையைத் தாழ்த்தி நிறைந்ததும் கவிழ்ப்பார். தோட்டத்தில் ஒருவர் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புவார். விடியுமுன்னே தொடங்கும் இவ்வேலையில் ஒவ்வொரு பட்டை நீருக்கும் உடம்பு விலை கொடுத்தது. கிணற்றின் நீர் ஒருசாண் இறங்கினாலும் துலா மிதிப்பவரின் கால் அதை உணர்ந்தது. கயிற்றின் நீளம் அதைச் சொல்லிற்று. நீர் குறையக் குறைய உழைப்பு ஏறியது. உழைப்பு ஏற ஏற இறைப்புத் தானாகவே குறைந்தது. இதுவே விஞ்ஞானிகள் கூறும் பின்னூட்டல். கிணற்றின் நிலை இறைப்பவனுக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததும் அவன் நடத்தை மாறியது. கிரே வால்டரின் ஆமை மின்கலம் தளர்ந்ததை உணர்ந்து கூட்டுக்குத் திரும்பியதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை.

பொதுச் சொத்தைப் பலர் அனுபவித்தால் அது அழிந்தே தீரும், ஆகவே அரசோ தனியுடைமையோ தான் அதைக் காக்கமுடியும் என்று பல அறிஞர் நம்பியிருந்த காலம் உண்டு. எலினோர் ஒஸ்ட்ரோம் என்னும் அமெரிக்கப் பேராசிரியை உலகெங்குமுள்ள மீன்பிடித்துறைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் நீர்ப்பாசன முறைகளையும் ஆராய்ந்து 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். எல்லை தெளிவாயிருந்து, பயன்படுத்துவோரே விதி வகுத்து, ஒருவரையொருவர் கண்காணிக்கக்கூடிய இடங்களில் பொதுச் சொத்துகள் நூற்றாண்டுக் கணக்காக நிலைத்திருக்கின்றன என்று அவர் காட்டினார். அவருக்கு 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் கூறிய இலக்கணம் நம் பங்குக் கிணற்றுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை வாசகர் கண்டுகொள்வர்.

பாலித் தீவின் பாடம்

செயற்கை முகவரும் உழவரும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது இந்தோனேசியாவின் பாலித் தீவு. அங்கே ஒரு வாய்க்காலில் நீர் பெறும் உழவர் ஒன்றுகூடிய சங்கத்துக்குச் சுபாக் என்று பெயர். எப்போது நடுவது, எப்போது தரிசாக விடுவது என்பதை அவர்கள் நீர்க் கோயில்களிற் கூடித் தீர்மானித்தனர். எல்லோரும் ஒரே காலத்தில் நட்டால் ஆற்றுநீர் போதாது. ஆளுக்கொரு காலத்தில் நட்டால், பூச்சிகள் ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குத் தாவி என்றும் விருந்துண்ணும். இவ்விரு இடர்களுக்குமிடையே ஒரு நடுவழியை அவர்களின் வழிபாட்டு நாட்காட்டி கண்டிருந்தது. 1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது, கோயில் முறையைக் கைவிட்டு இயன்றவரை அடிக்கடி நடும்படி உழவர் தூண்டப்பட்டனர். விளைவு, நீர் முறை குழம்பிப் பூச்சித்தொல்லை பெருகியது.

ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் இதனைக் கணினியில் ஆராய்ந்தனர். இரண்டு ஆறுகளின் கரையிலிருந்த 172 சுபாக்குகளையும் செயற்கை முகவர்களாகக் கணினிக்குள் அமைத்தனர். மழை, ஆற்றோட்டம், பூச்சிப் பெருக்கம், விளைச்சல் ஆகியவற்றையும் கணக்கிற் சேர்த்தனர். முகவருக்குக் கொடுத்த விதி மிக எளிது: ஆண்டு முடிவில் அயலாரின் விளைச்சலைப் பார்; உன்னிலும் நன்றாக விளைத்தவர் இருந்தால் அவர் நட்ட முறையை நீயும் பின்பற்று. ஒருசில ஆண்டுகளின் பயிர்ச்சுற்றுக்குள் செயற்கைச் சுபாக்குகள் குழுக் குழுவாக ஒத்துழைக்கத் தொடங்கின. அக்குழுக்கள் உண்மையான நீர்க் கோயில்களின் வலையமைப்பைப் பெரிதும் ஒத்திருந்தன. மொத்த விளைச்சலும் உயர்ந்தது. 1993இல் இவ்வாய்வு வெளிவந்தது. மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட ஒரு வழமை, பல தலைமுறை உழவரின் இசைவாக்கம் திரண்ட அறிவு என்று நிறுவப்பட்டது. 2012இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலக மரபுரிமையாக ஏற்றது.

பாலித் தீவின் உழவர் வயலைப் பார்த்தால் அயலான் விளைச்சல் தெரியும், பூச்சியும் தெரியும். நமக்கோ நீர் மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. அயலான் எவ்வளவு இறைக்கிறான் என்பது காதில் விழும். அவன் இறைத்ததால் நிலத்தடியில் என்ன ஆயிற்று என்பது கண்ணிற்படாது. இந்த வேற்றுமையே நம் துன்பத்துக்கு வித்தாயிற்று.

அறிகுறி அறுந்தபோது

1950களிலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் குடாநாட்டிற் பரவின. அது பெரும் விடுதலை என்பதை மறுக்கமுடியாது. விடியுமுன் துலாமிதித்து நெஞ்சு நொந்த மனிதரிடம் போய்த் துலாவின் பெருமை பேசுவது நாகரிகம் அன்று. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. தோட்டக்காரர் வீடுகளில் வளம் கண்டது. ஆனால் அவ்வியந்திரம் உழைப்பை நீக்கியபோது, அவ்வுழைப்பு சுமந்துவந்த செய்தியையும் நீக்கிவிட்டது. நீர் இறங்கியதை உணரக் கால் இல்லை, கயிறும் இல்லை. விசையை முடுக்கினால் நீர் வருகிறது. உவர் ஏறிய பின்னரே கிணறு தன் நோயைச் சொல்லுகிறது.

விளைவை இன்று காண்கிறோம். கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாகிவிட்டன. இரசாயன உரம் பாத்தியிலிருந்து நீரோடு இறங்கி, அதே நீராக மறுபடியும் வாளியில் ஏறுகிறது. வலிகாமத்துத் தோட்ட நிலங்களின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்குரிய எல்லையை மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த செய்தி நாடறிந்தது. அதன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்பாயிற்று. சுண்ணக்கல்லின் குகைகள் ஒருவர் கிணற்றை மற்றொருவர் கிணற்றோடு இணைக்கின்றன என்பதை நாம் மறந்தாலும் கழிவு மறக்கவில்லை.

இசைவாக்கத்தின் மற்றொரு முகத்தையும் போர்க்காலத்தில் கண்டோம். 1990க்குப் பின் எரிபொருளும் மின்சாரமும் குடாநாட்டை வந்தடையாதபோது, சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெயும் திரியும் இட்டு விளக்கேற்றிப் பிள்ளைகள் படித்தனர். சில துளி பெற்றோலில் முடுக்கி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. இவற்றை எந்தத் திணைக்களமும் சுற்றறிக்கை அனுப்பிக் கற்பிக்கவில்லை. ஒரு வீட்டில் ஒருவர் கண்ட உபாயம் வேலி தாண்டி, ஒழுங்கை தாண்டி, ஊர் தாண்டிச் சென்றது. பயன்பட்டது நிலைத்தது; பயன்படாதது மறைந்தது. பாலித் தீவின் செயற்கை உழவர் அயலானின் விளைச்சலைப் பார்த்துக் கற்றதும் இவ்விதமே.

1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மறு ஆண்டு மக்கள் திரும்பத் தொடங்கினர். கிடுகு வேலிகள் உக்கி விழுந்திருந்தன. பற்றைகள் ஒழுங்கைகளை மூடியிருந்தன. கதியாலும் எல்லைக்கல்லும் போனபின் எல்லை எங்கே? வயது முதிர்ந்தோரின் நினைவிலே அது இருந்தது. எங்கே வாய்க்கால் ஓடியது, யாருடைய முறை எந்நாள் என்பவற்றை அறிந்தவர்கள் எஞ்சியிருந்த இடங்களில் தோட்டம் விரைவில் தோட்டமாயிற்று. அறிந்தவர் கடல்கடந்தோ காலமாகியோ போன இடங்களில் வழக்குகள் முளைத்தன. தானாய் உண்டாகும் ஒழுங்கு என்கிறோம். அதற்கும் ஞாபகம் வேண்டும். அந்த ஞாபகம் வேலியிலும், உறுதியிலும், மனிதரின் நெஞ்சிலும் இருக்கிறது.

ஒழுங்கு வேறு, நீதி வேறு

இவ்வளவும் சொன்னபின், பழைய ஒழுங்கைத் தலைமேல் வைத்துப் போற்றுமாறு கூறுகிறேன் என்று எவரும் கருதலாகாது. தானாய் எழும் ஒழுங்கு நல்லதாகவே இருக்கும் என்று விஞ்ஞானமும் சொல்லவில்லை. தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலறிஞர் 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இருவகைக் காய்களைக் கலந்து வைத்தார். ஒவ்வொரு காயும், தன் அயலாரில் மூன்றிலொரு பங்கினராவது தன் இனத்தவராய் இருக்கவேண்டும் என்று மட்டும் விரும்புகிறது. இல்லையேல் இடம் மாறுகிறது. மாற்றாரை வெறுக்கும் காய் ஒன்றும் அங்கில்லை. எனினும் சில சுற்றுகளில் பலகை இரண்டு முகாம்களாகப் பிரிந்துபோகிறது. சிறு சாய்வுகள் சேர்ந்து பெரும் சுவராகும் விதம் இது.

நம் நாட்டிலோ சாய்வு சிறிதாகவும் இருக்கவில்லை. பங்குக் கிணற்றின் முறை பங்காளருக்குரியது. தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் கைவைக்க உரிமையின்றி, பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்றனர். துலா மிதித்த கால்களிற் பல அவர்களுடையவை. நீர் மட்டும் அவர்களுடையதாகவில்லை. அந்த ஒழுங்கும் ஒருவர் கட்டளையால் பிறந்தது அன்று. அயலாரைப் பார்த்து அயலார் நடந்துகொண்டதால் அதுவும் தலைமுறைகள் தாண்டி நிலைத்தது. அதனை உடைக்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், 1968இல் அயலூரான மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அத்தகைய கைகள்.

அளவெட்டி தந்த கவிஞர் மஹாகவி இதை நன்குணர்ந்தவர். 1927இல் இவ்வூரிற் பிறந்து 1971இல் மறைந்த அவர் ‘தேரும் திங்களும்’ என்ற கவிதையிலே, தேர்வடம் பிடிக்க வந்த ஒருவன் சாதியின் பெயரால் தடுக்கப்படுவதைப் பாடினார். மனிதன் சந்திரனை எட்டிய காலத்தோடு அதனை இணைத்தார். தேரிழுத்தலைப் போலத் தன்னொழுங்குக்கு அழகிய உதாரணம் வேறில்லை. ஆயிரம் கைகள் ஒரு வடத்தைப் பிடிக்கின்றன. ஒவ்வொரு கையும் வடத்தின் இறுக்கத்தை உணர்ந்து தன் வலுவைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. மலைபோன்ற தேர் அசைகிறது. ஆனால் வடத்தைத் தொட யாருக்கு உரிமை என்ற வினாவைத் தேரோ வடமோ தீர்க்கமாட்டா. அதைத் தீர்ப்பது மனிதரின் அறம்.

செயற்கை முகவர்கள் இன்று நம் வாழ்க்கைக்குள் பலவாறாக நுழைகின்றன. நகரங்களின் வீதிவிளக்குகள் போக்குவரத்தின் நெரிசலை உணர்ந்து தம் நேரத்தைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. மனிதரின் தலையீடின்றி முடிவு செய்யும் கணினி நிரல்கள் சந்தையிலும் காரியாலயத்திலும் பெருகிவருகின்றன. அவற்றுக்கு விதி எழுதுவோரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் கிணற்றடியில் கேட்கத்தக்க கேள்விகளே. தன் செயலின் விளைவு அம்முகவருக்குத் திரும்பத் தெரிகிறதா? தெரியும் விளைவு முழுமையானதா, அல்லது தோட்டக்காரன் விளைச்சலை மட்டும் கண்டு கிணற்றை மறந்தது போன்றதா? யார் முறையில் உள்ளவர், யார் முறைக்கு வெளியே குடத்தோடு நிற்பவர்?

செய்யத்தக்கது

ஆசிரியர்களும் மாணவர்களும் வாசிக்கும் பகுதி இதுவாதலால் ஒரு சிறு விண்ணப்பத்தை இங்கே வைக்கிறேன். துலா திரும்பவேண்டியதில்லை. துலா சுமந்த செய்தி திரும்பவேண்டும். அளவெட்டி அருணோதயாக் கல்லூரியாயினும் பிற பாடசாலையாயினும், மாணவர் ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை தம் வீட்டுக் கிணற்றில் முடிச்சிட்ட கயிறொன்றை இறக்கி நீர்மட்டத்தை அளக்கலாம். வகுப்பறைச் சுவரில் ஊரின் படத்தை மாட்டி, அவரவர் கிணற்றின் இடத்தில் அவ்வளவை எழுதலாம். உவர்ப்பை அளக்கும் சிறு கருவி ஒன்று இருந்தால் அதையும் குறிக்கலாம். ஓராண்டு மழையும் ஓராண்டு வெயிலும் அப்படத்தில் பதிந்தபின், தந்தையர் அதன் முன்னே வந்து நிற்பர். என் கிணறு இறங்கும்போது உன் கிணறும் இறங்குகிறது என்பதை எவரும் பிரசங்கம் செய்ய வேண்டியிராது, படமே சொல்லும். அதன்பின் இறைப்பு நேரத்தைக் குறைப்பதா, நீர் குறைவாக வேண்டும் பயிருக்கு மாறுவதா, மழைநீரைக் குளத்தில் மறித்து நிலத்துள் இறக்குவதா என்பதை அவர்களே கூடி முடிவு செய்யலாம்.

அளப்பதற்குக் கணிதம் வேண்டும். உவர் ஏன் ஏறுகிறது என்று விளக்கப் பௌதிகம் வேண்டும். பழைய முறைகளைக் கேட்டறியப் பாட்டன் பாட்டியிடம் பேசும் பொறுமை வேண்டும். அவற்றை எழுதிவைக்கத் தமிழ் வேண்டும். கிணற்றில் முறை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே மாணவர் கயிற்றையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்படுவது நல்லது.